மாத்திரையைக் குறைப்பதற்கு முன்னால் செய்த வேலை

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் பராக்ஸிடின் என்ற மாத்திரையைப் பல வருடங்கள் சாப்பிட்டேன். இப்போது சாப்பிடுவதில்லை. இதை மருந்துக்கு எதிரான கட்டுரையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு அந்த மாத்திரை இல்லாவிட்டால் நான் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே அடைந்து கிடந்திருப்பேன். ஆனால் அதை எப்படி நிறுத்துவது என்றோ, பதற்றத்துக்கு வேறு நல்ல சிகிச்சையும் இருக்கிறது என்றோ ஆரம்பத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது அதே நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு வந்தது பேனிக் அட்டாக். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல்கள் மரத்துப்போகும், மூச்சு போதாது. இதோ செத்துவிடப் போகிறேன் என்று நிச்சயமாகத் தோன்றும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கிவிடும். இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. ஒரு டாக்டர் கேஸ் ட்ரபிள் என்றார். அம்மா திருநீறு மந்திரித்து வாங்கி வந்தார். கடைசியில் ஒரு மனநல மருத்துவர்தான் நோயின் பெயரைச் சொல்லி, மெதுவாகக் கரையும் வகை பராக்ஸிடின் 25 மில்லிகிராம் எழுதினார். சில வாரங்களில் அட்டாக் வெகுவாகக் குறைந்தது.

அட்டாக்தான் குறைந்தது, அட்டாக் வந்துவிடுமோ என்ற பயம் அப்படியே இருந்தது. தண்ணீர் பாட்டிலும் ஒரு பட்டை மாத்திரையும் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டேன். தியேட்டரில் ஓர சீட்தான். நடுவில் இறங்க முடியாத எந்த வண்டியிலும் ஏற மாட்டேன். கூடவே எடை ஏறியது, காரணமில்லாமல் வியர்த்தது, எந்நேரமும் கொட்டாவி. தாம்பத்தியத்தில் நாட்டம் போய்விட்டது. இதை டாக்டரிடம் சொல்லவே நம் ஊர்ப் பெண்கள் கூச்சப்படுகிறோம், ஆனால் இந்த வகை மருந்துகளில் அது மிகச் சாதாரணமாக வரும் பக்கவிளைவு. அப்பா இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அதன் பிறகுதான் நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"இப்ப நல்லாத்தானே இருக்கீங்க, நிறுத்திடலாம்" என்றார் டாக்டர். இரண்டு வாரம் 12.5, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் நிறுத்தம். அவர் சொன்னபடியே செய்தேன். கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் தலைக்குள் சுருக்கென்று கரண்ட் பாய்ந்தது. நடந்தால் தரை சரிந்தது. குமட்டல், கொடூரமான கனவுகள், பிள்ளைகள் மேல் காரணமில்லாத எரிச்சல். "பழைய வியாதி திரும்பிடுச்சு. இனி ஆயுசுக்கும் சாப்பிடணும்" என்று சொல்லி மறுபடி 25-ஐ ஆரம்பித்தார். இரண்டே நாளில் எல்லாம் நின்றுபோனது.

என்னை யோசிக்க வைத்தது அந்த வேகம்தான். முதல் தடவை இந்த மருந்து பேனிக்கைக் குறைக்க வாரக்கணக்கில் ஆனது. இப்போது எப்படி இரண்டு நாளில்? தலைக்குள் கரண்ட் அடிப்பது என் பழைய நோயில் ஒருநாளும் இருந்ததில்லையே? இந்தக் கேள்விகளோடுதான் வேறொரு மனநல மருத்துவரிடம் போனேன். நான் பேசி முடிக்கும்வரை அந்த அம்மா குறுக்கிடவே இல்லை. அப்புறம், "இது வியாதி திரும்பினது இல்லை. மருந்து சட்டுனு குறைஞ்சதால வந்த விலகல் அறிகுறி" என்றார். நிறுத்திய சில நாட்களுக்குள் வருவது, முன்பு இல்லாத புது அறிகுறிகள் இருப்பது, மருந்தைத் திரும்பத் தொடங்கியதும் மளமளவென்று மறைவது ஆகிய மூன்றும்தான் அடையாளம்.

காரணத்தையும் தாளில் வரைந்து காட்டினார். பராக்ஸிடின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 21 மணி நேரம்தான் ஆகும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் மூளைக்கு ஏற்றமும் இறக்கமுமாகத்தான் இருக்கும். இன்னொன்று, செரோடோனின் என்ற மூளை ரசாயனத்தைத் திரும்ப உறிஞ்சும் கடத்திகளில் சுமார் 80 சதவீதத்தை 20 மில்லிகிராமிலேயே மருந்து பிடித்துவிடுகிறது. 40-லிருந்து 20-க்கு இறங்கினால் பெரிய மாற்றம் இல்லை. கடைசி 5-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவதுதான் பெரிய சரிவு. மேல்படிகள் எல்லாம் சாண் உயரம், கடைசிப் படி மட்டும் ஆள் உயரம் என்று ஒரு மாடிப்படி இருந்தால் எப்படி இறங்குவோம்? 2019-இல் ஹோரோவிட்ஸ், டெய்லர் என்ற இருவர் லான்செட் சைக்கியாட்ரி இதழில் இதை விளக்கி எழுதினார்கள் என்றும், அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸ் மெதுவாகக் குறைப்பது பற்றி மக்களுக்கு வழிகாட்டி வெளியிட்டது என்றும் சொன்னார்.

ஆனால் உடனே குறைக்க அவர் சம்மதிக்கவில்லை. "மருந்து கையில இருக்கும்போதே பயத்துக்கு வைத்தியம் பண்ணுங்க. அப்புறம் இறங்கலாம்" என்றார். எனக்குக் கிடைத்த ஆலோசனைகளிலேயே உயர்ந்தது இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அவர் அனுப்பிய கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஓர் இளைஞர். அவர் தந்தது சி.பி.டி., அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சை. சி.பி.டி. என்று நான் அதற்கு முன் கேள்விப்பட்டது "பாசிட்டிவாக நினையுங்கள்" என்கிற ரகம். இது அப்படி இல்லை. நெஞ்சு படபடக்கிறது, ஹார்ட் அட்டாக் என்று மனம் முடிவு கட்டுகிறது, அந்தப் பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது, படபடப்பு இன்னும் கூடுகிறது. பேனிக் என்பது இந்தச் சுற்றுதான். டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-இல் முன்வைத்த விளக்கம் இது. சுற்றை உடைக்க, பயப்படும் உணர்ச்சியை வேண்டுமென்றே வரவழைத்து, தப்பி ஓடாமல் அதனோடு இருக்க வேண்டும்.

இதயத்தில் கோளாறு இல்லை என்ற ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு தொடங்கினார். சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றச் சொன்னார். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொன்னார். நின்ற இடத்திலேயே ஓடினேன், வேகவேகமாக மூச்சு இழுத்து விட்டேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் "என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டு எழுத வைப்பார். "மயங்கி விழுவேன், 90 சதவீதம்" என்று எழுதுவேன். முடிந்ததும் என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். விழவில்லை. மறுநாள் வீட்டில் மறுபடியும் அதே பயிற்சி, மறுபடியும் விழவில்லை. பதற்றம் வந்தால் ஆழமாக மூச்சு விட்டுச் சமாளிப்பேன் என்று சொன்னபோது, அதையும் விடச் சொன்னார். மூச்சுதான் என்னைக் காப்பாற்றியது என்று நம்பும்வரை, பயப்பட ஒன்றும் இல்லை என்பது மனதுக்குத் தெரியவே தெரியாது என்றார். எனக்கு அது முதலில் கொடுமையாகப் பட்டது. அப்புறம் புரிந்தது.

பாட்டிலையும் மாத்திரைப் பட்டையையும் வீட்டில் வைத்துவிட்டுக் கடைத்தெரு போனேன். தியேட்டரில் நடு வரிசையில் உட்கார்ந்தேன். கடைசியில் மதுரை நத்தம் சாலை மேம்பாலம். 2023-இல் திறந்தது, ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அது திறந்ததிலிருந்து நான் கீழ்ச் சாலையில்தான் போய்க்கொண்டிருந்தேன். முதலில் கணவர் பின்னால் உட்கார்ந்து போனேன், பிறகு நானே ஸ்கூட்டரில், தனியாக. ஒருநாள் பாலத்தின் மேலேயே அட்டாக் வந்தது. வேகத்தைக் குறைத்து இடது ஓரமாக ஓட்டிக்கொண்டே இருந்தேன். பாலம் இறங்குவதற்குள் அது இறங்கிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அதன் பிறகுதான் குறைப்பு. மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைக்கக் கூடாது என்பதால் சாதாரண மாத்திரைக்கு மாற்றினார். 20, 15, 10, 7.5, 5, 2.5, அதற்கும் கீழே ஒரு துணுக்கு. மாத்திரை வெட்டும் கருவி மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கிறது. உடம்பு அமைதியானால்தான் அடுத்த படி. 10 வரை சிரமமே இல்லை. 5-இல் மறுபடி தலையில் கரண்ட் அடித்தது. டாக்டர் 7.5-க்கே திரும்பச் சொன்னார், அங்கே கூடுதலாகச் சில வாரம் இருந்துவிட்டு மறுபடி இறங்கினோம். தேர்வு மாதங்களில் டோஸைத் தொடவே இல்லை. தூக்கம், தலைசுற்றல், எரிச்சல் மூன்றையும் தினமும் நோட்டில் குறித்தேன். விலகல் அறிகுறியா, மாதவிலக்குக்கு முந்தைய எரிச்சலா என்று அந்த நோட்டு இல்லாமல் பிரித்தறிந்திருக்க முடியாது.

முன்பு செய்த பயிற்சி உதவியது இங்கேதான். விலகலின்போது தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். பயிற்சி இல்லாமல் இருந்தால் அதுவே பேனிக்காக மாறியிருக்கும். ஆனால் இதே தலைசுற்றலை நாற்காலியில் உட்கார்ந்து நானே எத்தனையோ தடவை வரவழைத்திருக்கிறேன். தொந்தரவாக இருந்தது, பயமாக இல்லை.

இப்போதும் எப்போதாவது அட்டாக் எட்டிப்பார்க்கும். அதற்காக வேலையை நிறுத்துவதில்லை. வாரக்கணக்கில் நீடித்தால் மருந்தைத் திரும்பத் தொடங்கலாம் என்று டாக்டரும் நானும் முன்பே பேசி வைத்திருக்கிறோம், அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

என் அளவுகளைப் பார்த்து யாரும் தாங்களாகக் குறைக்க வேண்டாம்; மருந்துக்கு மருந்து கணக்கு மாறும். உடன் க்ளோனாசெபம் என்ற பதற்றத் தணிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். குறைக்கும்போது வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்; 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சைக்காலஜிஸ்டைத் தேடும்போது ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பேனிக்குக்கு நான் செய்தது போன்ற எதிர்கொள்ளல் பயிற்சி தருவீர்களா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். தனியாரில் பணம் கட்ட முடியாதவர்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதையே கேட்கலாம்.