சவூதியில் இறந்தவரை வன்னிக்குக் கொண்டுவருதல்

சாவுச் செய்தி அனேகமாக வட்ஸ்அப்பில்தான் வரும். கூட வேலை செய்தவர் ஒருவர் குரற்பதிவு அனுப்புவார். அதை மட்டும் வைத்து எந்தக் கந்தோரும் அசையாது. அவர் தொடர்பில் இருக்கும்போதே ஐந்து விபரத்தை எழுதி எடுங்கள்: இறந்த திகதி, ஆஸ்பத்திரியும் ஊரும், கடவுச்சீட்டு இலக்கம், இக்காமா (சவூதி வதிவிட அனுமதி அட்டை) இலக்கம், கபீலின் (அங்கே வேலைக்கு எடுத்த முதலாளியின்) தொலைபேசி இலக்கம். இக்காமாவின் படம் கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். 1989 என்ற இலக்கம் 24 மணி நேரமும் இயங்கும். பணியகப் பதிவு இல்லாமல் போனவர் என்றால் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்குப் போகவேண்டும். அதற்காகக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. சவூதியில் றியாத்தில் தூதரகமும் ஜித்தாவில் துணைத் தூதரகமும் உண்டு. இறந்த ஊர் எதன் கீழ் வருகிறது என்று முதலே கேளுங்கள். அங்கே வெள்ளி, சனி விடுமுறை. இங்கே சனி, ஞாயிறு. இரண்டு பக்கமும் கந்தோர் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். அவர்களின் நேரம் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். வியாழன் பின்னேரம் போகவேண்டிய கடிதம் தவறினால் அது திங்கட்கிழமைக்குத்தான்.

கிராம சேவையாளரின் உறவுமுறைக் கடிதம் பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு வேண்டும். அதோடு இறந்தவரின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, கையெழுத்திடும் உரித்தாளியின் அடையாள அட்டை, பிரேதத்தை அனுப்பச் சம்மதம் தெரிவிக்கும் கடிதம். சில வேளை அற்றோர்னித் தத்துவமும் (உங்களுக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) கேட்பார்கள்.

வன்னியில் மாதக்கணக்காக இழுபடுவது இந்த இடத்தில்தான். 2009இல் யுத்த இடப்பெயர்வில் பெட்டியோடு தொலைந்துபோன பத்திரங்கள் பலருக்கு இன்னும் மறுபடி எடுக்கப்படவில்லை. யுத்த நேரத்தில் அவசரத்தில் நடந்த கலியாணங்கள் பதியப்படவில்லை; ஊரறிந்த மனைவி கடதாசியில் மனைவி இல்லை. அப்படியானால் தாய் அல்லது தகப்பன் கையெழுத்திடட்டும், மனைவி பிள்ளைகளின் பெயரைக் கிராம சேவையாளரின் கடிதத்தில் கட்டாயம் சேர்ப்பியுங்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் ஒப்பம் செல்லாது.

பெயர்ச் சிக்கல் அதைவிடப் பெரிது. தகப்பன் பெயர் ஒரு பத்திரத்தில் முழுதாகவும் இன்னொன்றில் முதலெழுத்தாகவும் இருக்கும். வயதை மாற்றி கடவுச்சீட்டு எடுத்துப் போனவர்களும் உண்டு. அரபியில் எழுதி ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது எழுத்துகள் இன்னும் மாறும். எல்லாக் கடிதத்திலும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே எழுதுங்கள், பக்கத்தில் கடவுச்சீட்டு இலக்கத்தையும் போடுங்கள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சத்தியக்கடதாசியை முதல் நாளே முடித்துவிட்டால், பிறகு அதற்காகவே ஒரு வாரம் போகாது.

கையெழுத்திடமுன் வாசியுங்கள். முகவர் கொண்டுவரும் சிங்கள, ஆங்கிலக் கடதாசியில் மூன்று விஷயம் கலந்திருக்கலாம்: பிரேதத்தை அனுப்பச் சம்மதம், அங்கேயே அடக்கஞ் செய்யச் சம்மதம், சம்பளப் பாக்கி எதுவும் இல்லை என்ற ஒப்புதல். உங்களுக்கு வேண்டியது முதலாவது மட்டும். அங்கே அடக்கிய பிறகு எடுக்கக் கேட்பது நடைமுறையில் நடவாத காரியம். எரிப்பதற்கோ சவூதியில் வழியே இல்லை. பாக்கிச் சம்பளம், பணிக்கொடை, நட்டஈடு ஆகியவற்றைத் தனிக் கடிதத்தில் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவிடம் கேட்கவேண்டும்.

செலவு யாருடையது? சவூதி தொழிற்சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, பிரேதத்தைத் தயார்செய்து அனுப்பும் செலவு வேலை கொடுத்தவருடையது. கபீல் மறுத்தால் இந்தப் பிரிவைச் சொல்லித் தூதரகம் மூலம் நெருக்கலாம். கபீலை விட்டு ஓடியவர், விசா முடிந்தவர் என்றால் இழுபடும். பணியகக் காப்புறுதி பதிவுக் காலத்துக்குத்தான். அங்கிருந்தபடியே வேலையைப் புதுப்பித்துப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் ஏராளம், வீட்டாருக்கு அது இப்போதுதான் தெரியவரும்.

அங்குள்ள வேலைகளில் உங்களால் செய்யக்கூடியது குறைவு. மரண அறிவித்தல், பொலிஸ் அனுமதி, தூதரகத்தின் ஆட்சேபனையின்மைக் கடிதம், எம்பாம் (உடல் பழுதாகாமல் மருந்தேற்றுதல்) சான்றிதழ், நாகத்தகடு (துத்தநாகத் தகடு) அடித்து ஒட்டிய பெட்டி, பிறகு விமானச் சரக்கு. இயற்கை மரணமென்றால் வாரக்கணக்கு. விபத்து, தற்கொலை, கொலைச் சந்தேகம் என்றால் மாதக்கணக்கு. எயார்வே பில்லில் (விமானச் சரக்குப் பத்திரத்தில்) பொறுப்பெடுப்பவரின் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று மட்டும் விமானம் ஏறமுன் கேட்டு உறுதிசெய்யுங்கள். பெயர் பிழைத்தால் கட்டுநாயக்காவில் பெட்டி நிற்கும், ஹயஸ் வான் வாடகையும் ஏறும்.

பொறுப்பெடுக்க அந்தப் பெயருக்குரியவரே மூலப் பத்திரங்களோடு போகவேண்டும். சாவில் சந்தேகம் இருந்தால் கட்டுநாயக்காவிலேயே, பெட்டியை எடுக்கமுன், பொலிஸில் சொல்லுங்கள். மறு பரிசோதனை வழமையாக நீர்கொழும்பு ஆஸ்பத்திரியில் சட்ட வைத்திய அதிகாரியால் நடக்கும். எம்பாம் செய்த உடலில் நஞ்சுப் பரிசோதனை கடினம், காயங்கள் தெரியும். சந்தேகம் தீராதவரை எரிக்கவேண்டாம், புதையுங்கள்.

கட்டுநாயக்காவிலிருந்து புத்தளம், அனுராதபுரம், வவுனியா ஊடாகக் கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். முல்லைத்தீவென்றால் மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழி. பெட்டி 100 கிலோவைத் தாண்டும். இறக்க ஆறு, எட்டுப் பேர் தேவை. வீட்டுப் படலை, பந்தல் வாசல் இரண்டின் அகலத்தையும் முதலே பார்த்துவையுங்கள், பல வீடுகளில் படலையைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோவார்கள்.

நாகத்தகடு எரியாது. சுடலைக்குப் போகமுன் தகட்டை வெட்டி உடலை வேறு பெட்டிக்கு மாற்றவேண்டும். தகடு வெட்டும் கத்தரிக்கோல், தடித்த கையுறை, முகக்கவசம் ஆயத்தமாயிருக்கட்டும். திறந்தவுடன் போமலின் நெடி கண்ணைக் கரிக்கும். திறந்த வெளியில் வெட்டுங்கள், சிறுவர்கள் தள்ளி நிற்கட்டும். முகம் கறுத்தோ வீங்கியோ இருக்கலாம். தாய்க்குக் காட்டமுன் ஒருவர் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. வாய்க்கரிசி போடுவதும் அந்த முடிவைப் பொறுத்தது. துடக்கையும் அந்தியேட்டியையும் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று பெட்டி வரமுன்பே ஐயரிடம் கேட்டுவிடுங்கள். செத்தவீட்டில் அதற்குச் சண்டை பிடிப்பார்கள்.

அரபு மரணச் சான்றிதழை அத்தாட்சிப்படுத்தி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பெயர்ப்பியுங்கள். தூதரகத்தில் மரணத்தைப் பதிந்து இலங்கைச் சான்றிதழும் எடுக்கலாம். வங்கி, காணி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், நட்டஈட்டு வழக்கு என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பிரதி கேட்கும். ஆறு பிரதியாவது எடுத்துவையுங்கள்.