தாத்தா கதைகள் இ-ரீடருக்குப் போன கதை

2020 ஊரடங்கில் அப்பா ஊரிலிருந்து என் பெரியவளுக்குத் தினம் ஒரு கதை சொல்லி வாட்ஸப்பில் அனுப்புவார். மொத்தம் 41 சேர்ந்தது. இப்போது சின்னவனுக்கும் அவை வேண்டுமாம், அதுவும் படுக்கையில். போனைக் கொடுத்தால் கதை முடிவதற்குள் விரல் யூடியூபுக்குப் போய்விடும். வீட்டில் மின்னூல் படிக்கும் இ-ரீடர் இருக்கிறது, ஸ்பீக்கரோடு இணைக்க அதில் ப்ளூடூத் இருக்கிறது, அப்புறமென்ன என்று உட்கார்ந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. கேபிள் போட்டு ஏற்றினால் ஃபைல் உள்ளே போகிறது, ஆனால் நூலகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எம்பி3 ஆக்கினேன், ஃபோல்டர் பெயரை மாற்றினேன், ரீஸ்டார்ட்டும் செய்தாயிற்று. கடைசியில்தான் புரிந்தது: இ-ரீடர் கம்பெனியின் சொந்தக் கடையில் வாங்கிய ஆடியோபுக்கை மட்டும்தான் அது பாடும். பெட்டியில் ‘ஆடியோபுக் வசதி’ என்று கொட்டை எழுத்தில் போட்டவர்கள், இதையும் ஒரு ஓரத்தில் போட்டிருக்கலாம்.

தம்பி சும்மா வைத்திருந்த ஆண்ட்ராய்டில் ஓடும் இ-இங்க் (காகிதம் போன்ற திரை) ரீடரைக் கேட்டு வாங்கினேன். அதில் நமக்குப் பிடித்த பிளேயரைப் போட்டுக்கொள்ளலாம். ‘வாய்ஸ்’ என்ற ஓப்பன் சோர்ஸ் ஆப்பைப் போட்டேன். விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

41 துண்டாக இருக்க வேண்டாமே என்று கம்ப்யூட்டரில் எஃப்எஃப்எம்பெக் என்ற ஆடியோ மாற்றும் மென்பொருளை வைத்து ஒரே எம்4பி (ஆடியோபுக் வகை) ஃபைலாக்கினேன். வாட்ஸப் வாய்ஸ் நோட் ஓபஸ் என்ற ஒலி வகை என்பதால், எம்4பிக்கு ஏற்ற ஏஏசி வகைக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும். ஒலித் தரம் நொடிக்கு 64 கிலோபிட், ஒற்றைச் சேனல் (மோனோ). பேச்சுக்கு அது தாராளம். ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பிதான் வரும். கூடவே ஒவ்வொரு கதையும் எந்த மில்லிசெகண்டில் தொடங்கி எதில் முடிகிறது என்று எழுதிய சின்ன டெக்ஸ்ட் ஃபைலைக் கொடுத்தால், அத்தியாயங்கள் பெயரோடு வந்துவிடும்.

கதை போட்ட முதல் நாளே மானம் போனது. குரங்கு மரத்தில் தாவித் தப்பித்துவிட்டது. அதற்கப்புறம்தான் முதலையோடு சிநேகிதமே ஆகிறது. “அப்பா, இது தப்பு” என்றான். கதை 9, கதை 10 என்று பெயர் வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் அதை எழுத்தாகப் பார்த்து 1, 10, 11 என்று அடுக்கி, 9ஐக் கடைசிக்குத் தள்ளியிருந்தது. 01, 02 என்று மாற்றி, மறுபடி முதலிலிருந்து.

அடுத்த தொல்லை, திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் தாத்தாவும் நின்றுவிடுவார். பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆப்பை உறங்கவைக்கும் அமைப்பு ஒன்று இருந்தது. வாய்ஸுக்கு மட்டும் அதிலிருந்து விலக்குக் கொடுத்ததும் சரியானது. பேட்டரி முன்பு போல வாரக்கணக்கில் நிற்பதில்லை, நாலைந்து நாளில் சார்ஜரைத் தேட வேண்டியிருக்கிறது.

ஒட்டும்போது இரைச்சலையும் கொஞ்சம் வடிகட்டியிருந்தேன். இருட்டில் கேட்டுக்கொண்டிருந்த பெரியவள் எழுந்து உட்கார்ந்து, “நரிக் கதையில ஆச்சியோட குக்கர் மூணு தடவை விசில் அடிக்குமே, அது எங்கே?” என்றாள். வடிகட்டாத ஃபைலைத் தேடி, மூன்றாவது முறையாக ஒட்டினேன்.