மிக்ஸிங்குக்கு முன்பே முடியும் சண்டை

இசையமைப்பாளருக்கும் பணம் போடுகிறவருக்கும் நடக்கும் “கலையா, வியாபாரமா” என்ற சண்டை பெரும்பாலும் மிக்ஸிங் (பதிவு செய்த ஒலிகளை அளவு பார்த்துக் கலப்பது) நேரத்தில்தான் வெடிக்கிறது. அது ரொம்பத் தாமதம். மெட்டு கட்டி, எந்த வாத்தியம் எங்கே வரும் என்று அரேஞ்ச்மென்ட் போடும்போதே பாட்டின் தலையெழுத்து ஏறக்குறைய முடிவாகிவிடும்.

முன்னிசையை எடுத்துக்கொள்வோம். வேகம் நிமிடத்துக்கு 80 பீட், ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) 4 பீட், முன்னிசை 8 பார். கணக்குப் போட்டால் 32 பீட். குரல் வருவதற்கு 24 விநாடி. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம் கணக்கில் ஏறும். ஆக, பாடகரின் குரலுக்குக் கிடைப்பது 6 விநாடி, அதாவது இரண்டே பார். பணம் போடுகிறவர் இதைப் பார்த்துக் கவலைப்பட்டால் அதில் தப்பில்லை. ஆனால் “முதல் நாலு பாரைத் தூக்கிடுங்க” என்று அவரே மருந்தும் சொல்லும்போதுதான் சிக்கல். ஐந்தாவது பாரில் பேஸ் (அடிநாத வாத்தியம்) நுழைவது காதில் விழுவதே, அதுவரை பேஸ் இல்லாததால்தான். முன்னால் இருப்பதை எடுத்துவிட்டால் நுழைவு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. பவுன்ஸ் செய்த, அதாவது எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக்கிய ஆடியோவில் வெட்டினால் இன்னொரு தொல்லை: நாலாம் பார் முடிவில் அடித்த சிம்பலின் நாதம் ஐந்தாம் பாரில் தொங்கிக்கொண்டிருக்கும், அடித்த அடி மட்டும் இருக்காது.

இதற்கு வேறு வழிகள் உண்டு. பல்லவியின் கடைசி சொற்கட்டை மூன்றாம் பாரிலேயே ஹம்மிங்காக வைத்துவிட்டால் நீளம் மாறாது, குரலும் சீக்கிரம் வந்துவிடும். இல்லையென்றால் முன்னிசையை 4 பாருக்கென்றே புதிதாக எழுதி, நீண்ட வடிவத்தை இரண்டாம் சரணத்துக்கு முன்னால் இடையிசையாக வைக்கலாம். அங்கே வரை வந்துவிட்ட ரசிகர் அதைப் பொறுமையாகக் கேட்பார். இரண்டுமே டெமோ கட்டத்தில் அரை நாள் வேலை. மிக்ஸ் முடிந்த பிறகு செய்தால் வாத்தியக்காரர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கும்.

டெமோவோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டிய இன்னொன்று: இந்தப் பாட்டில் யார் கேட்டாலும் மாறாத ஒரு விஷயம் எது? ஒன்றுதான், மூன்று வைத்துக்கொண்டால் பிடிவாதம் என்று பெயர் வரும். அது ஒரு ஸ்வர நகர்வாக இருக்கலாம், பிசிறுள்ள குரலாக இருக்கலாம், தாளம் நின்றுபோகும் ஒரு பாராக இருக்கலாம். அதை முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பிசிறுள்ள குரல்தான் அந்த ஒன்று என்றால், பிட்ச் கரெக்‌ஷனை (சுருதி திருத்தும் மென்பொருளை) மொத்த டிராக்குக்கும் போடாமல் உறுத்தும் ஸ்வரங்களை மட்டும் கையால் திருத்துவது என்று அங்கேயே பேசி முடித்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது.

சத்தம் பற்றிய சண்டையில் பாதி வெறும் மாயை. “அந்தப் பாட்டு அளவுக்கு லவுடா இல்லையே” என்ற புகார் வந்ததும் லிமிட்டரை (ஒலியின் உச்சங்களை அமுக்கும் கருவியை) நெருக்கி மாஸ்டரை, அதாவது வெளியீட்டுக்கான கடைசி ஃபைலை, மைனஸ் 8 லஃப்ஸுக்குக் கொண்டுபோகிறார்கள். லஃப்ஸ் என்பது காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் மைனஸ் 14 லஃப்ஸை இலக்காக வைத்து ஒலியளவைச் சமன் செய்கிறது. ஆப்பிள் மியூசிக்கில் அதே வேலையைச் செய்யும் சவுண்ட் செக்கின் இலக்கு சுமார் மைனஸ் 16. மைனஸ் 8-ல் போன பாட்டை ஸ்பாட்டிஃபையில் 6 டெசிபல் இறக்கிவிடுவார்கள். இறங்கியபின் சத்தம் மற்ற பாட்டுகளோடு ஒன்றுதான். ஆனால் லிமிட்டர் நசுக்கிய டிரம் அடி திரும்பி வராது. பக்கத்துப் பாட்டில் ஸ்நேர் டிரம் எகிறும்போது நம்முடையது தட்டையாகக் கிடக்கும்.

இதை வாதாடி நிரூபிப்பதைவிடக் கேட்க வைப்பது சுலபம். இரண்டு மாஸ்டரையும் லஃப்ஸ் மீட்டரில் அரை டெசிபல் வித்தியாசத்துக்குள் சமன் செய்து, எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்ட வேண்டும். சமன் செய்யாமல் போட்டால் சத்தமானதுதான் எப்போதும் ஜெயிக்கும், காது அப்படி. மைனஸ் 14-ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆட்டப் பாட்டு மைனஸ் 9 வரை போவதில் குற்றமில்லை. அடர்த்தியே அதன் அழகு. மைனஸ் 14-ஐத் தாண்டிப் போனால் ட்ரூ பீக்கை (ஒலி அலை தொடும் உண்மையான உச்சத்தை) மைனஸ் 2 டெசிபலில் நிறுத்துங்கள் என்பது ஸ்பாட்டிஃபையே தரும் யோசனை. ஃபைலைச் சுருக்கும்போது பீக் எகிறி கரகரப்பு வருவதைத் தவிர்க்கத்தான் அது. கிக் டிரம்மும் பேஸும் 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் (தாழ்ந்த ஒலிகளின் பகுதியில்) மோதிக்கொண்டால் லிமிட்டரின் இடத்தையெல்லாம் அவையே தின்றுவிடும். அந்த மோதலைத் தீர்த்தாலே லிமிட்டரைத் தொடாமல் பாட்டு பெரிதாகக் கேட்கும்.

“போனில் பேஸே வரலை” என்பது உண்மையான புகார். சின்ன ஸ்பீக்கர் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் தராது. ஃபேடரை ஏற்றி அளவைக் கூட்டிப் பயனில்லை. பேஸ் டிராக்கின் நகலில் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைக்கும் எஃபெக்ட்) போட்டு, அதில் பிறக்கும் மேல் ஹார்மோனிக்ஸை (அடி ஸ்வரத்தோடு எழும் உயர்ந்த ஒலிகளை) லேசாகக் கலந்தால் காது அடி ஸ்வரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

கருத்துச் சொல்ல வருபவர்களிடம் நிமிட-விநாடி கேளுங்கள். “கொஞ்சம் பஞ்ச் பத்தலை” என்பதை வைத்து எதுவும் செய்ய முடியாது. “1:12-ல் பல்லவி ஆரம்பிக்கும்போது இறங்கின மாதிரி இருக்கு” என்றால் முடியும். அங்கே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பல்லவியில் தப்பிருக்காது. அதற்கு முந்தைய நாலு பாரே நிரம்பி வழிந்திருக்கும். எல்லார் கருத்தையும் தொகுத்து ஒருவரே அனுப்ப வேண்டும், திருத்தம் இரண்டு சுற்றுதான் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது நல்லது. இன்னொன்று: நமக்கே பிடிக்காத வெர்ஷனை “சும்மா ஒரு ஆப்ஷன்” என்று ஒருபோதும் அனுப்பக் கூடாது. அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

“இந்தப் பாட்டு மாதிரி வேணும்” என்று வருகிறவரிடம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அதன் வேகம், டிரம்ஸின் ஒலி, குரலைச் சுற்றியுள்ள இடைவெளி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். மெட்டையும் பேஸ் லைனையும் தொடக் கூடாது. சாம்பிள், அதாவது பழைய பதிவின் ஒரு துண்டை எடுத்தால் இரண்டு அனுமதி தேவை: ஒலிப்பதிவுக்கு உரிமையாளரிடம் ஒன்று, இசைக்கும் வரிகளுக்கும் உரிமையாளரிடம் ஒன்று. ராயல்டி இல்லாத லூப் (திரும்பத் திரும்ப ஓடும் ஆயத்த இசைத் துண்டு) என்றால் தொல்லை வேறு விதம். அதே லூப்பை ஆயிரம் பேர் பயன்படுத்தியிருக்கலாம். அது மாற்றமில்லாமல் தனியாக ஒலிக்கும் பாட்டை யூடியூப் கன்டென்ட் ஐடியில் (வீடியோக்களில் வரும் பாட்டைத் தானே கண்டுபிடிக்கும் அமைப்பில்) பதிந்தால், சம்பந்தமில்லாதவர் வீடியோவிலெல்லாம் உரிமை கோரல் பாயும். பாட்டின் முகமான ஹூக்கை மட்டுமாவது சொந்தமாக வாசித்துப் பதிவு செய்துவிட வேண்டும்.

பணத்தில் தெளிவு இருந்தால் பாட்டில் துணிச்சல் தானாக வரும். கூலியைக் குறைத்துக்கொண்டு ராயல்டியில் பங்கு என்று ஒப்புக்கொள்ளும் முன், முன்பணம் அந்தப் பங்கிலேயே கழியுமா என்று கேட்டுவிட வேண்டும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது. பரிசோதனைப் பாட்டுக்குக் கூலியை முன்னாலேயே வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பங்கை வைத்துச் சூதாட வேண்டுமானால், அது கூட்டம் பாடப்போகும் பாட்டாக இருக்கட்டும். மெட்டில் யாருக்கு எத்தனை சதவீதம் என்ற தாளில் ரெக்கார்டிங் நாளன்றே கையெழுத்து வாங்குங்கள். பாட்டு ஓடிய பிறகு ஆளாளுக்கு ஞாபகம் மாறும். ஒப்படைக்கும்போது 24 பிட் முழு மிக்ஸோடு, குரலில்லாத இசை, குரல் மட்டும், ஸ்டெம்கள் (டிரம்ஸ், பேஸ் என்று தொகுதி தொகுதியாகப் பிரித்த ஃபைல்கள்) எல்லாவற்றையும் ஒரே நாளில் பவுன்ஸ் செய்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து விளம்பரக்காரர் இசையை மட்டும் கேட்கும்போது பழைய செஷனை (பாட்டின் வேலைக் கோப்பை) திறந்தால், பாதி பிளக்இன்கள் (அதில் பயன்படுத்திய துணை மென்பொருள்கள்) திறக்காது.