காசோடு போகாத யோசனை

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் தோட்டம் செய்யும் சித்தப்பாவுக்கு, கிணற்று நீரில் நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறதென்று சோதித்துப் பார்க்கும்படி நீண்டதொரு குரற்செய்தி அனுப்பியிருந்தேன். ஒற்றை வரியில் பதில் வந்தது: "தம்பி, நீ காசை அனுப்பு; யோசனை இஞ்ச நிறையக் கிடக்கு." கனடாவின் ஸ்காபரோவில் வாசற்பனியை அள்ளியபடி அதைக் கேட்டுச் சிரித்தேன், வீட்டுக்குள் வந்த பிறகுதான் சுட்டது.

ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் மாரிமழை சுண்ணாம்புக்கல்லின் ஊடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் யூரியாவின் மிச்சமும் நைத்திரேற்றாக மாறி அதே வழியால்தான் இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் குறித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்; உரும்பிராய் அடங்கும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. "கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறம்" என்பது சித்தப்பாவின் வாதம். கொதித்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ நீர் வற்ற வற்றச் செறியும். அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கக்கூடும்.

இங்குள்ள ஊர்ச்சங்கமும் சித்தப்பாவின் கட்சிதான். பாடசாலைக்கு நுழைவாயில் வளைவு கட்ட நிதி கேட்டபோது விருந்து மண்டபம் முழுவதும் கைகள் உயர்ந்தன. கிணறுகளைச் சோதிக்கச் சிறு தொகை ஒதுக்கலாமென்று நான் எழுந்து சொன்னபோது, கொத்துரொட்டி ஆறுகிறதென்று செயலாளர் நினைவூட்டினார். வளைவில் உபயகாரர் பெயரைப் பொறிக்கலாம். நைத்திரேற்றில் யாருடைய பெயரைப் பொறிப்பது?

மற்றபடி இந்த நாடு எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. குழாயைத் திறந்தால் ஒன்ராறியோ ஏரி வருகிறது. அதன் சோதனை முடிவுகளை மாநகரசபையே வெளியிடுகிறது. ஆயினும் தேநீர் வாயில் பட்டதும் நாக்கு தேடுவது, கேத்திலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியவிடும் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் கனத்த சுவையைத்தான். அந்தக் கிணற்றில் அப்பு துலா மிதித்த காலத்தில், கால்கள் தாங்கும் அளவுக்கே நீர் இறைத்தார்களாம்; இயந்திரம் வந்த பின்னர் அந்தக் கணக்கும் போய்விட்டது.

சென்ற கிழமை, உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிக்கும் சித்தப்பாவின் மகள் தனியாகக் கேட்டாள்: "அண்ணா, அந்தச் சோதனைத்தாள் அங்கை வாங்கலாமோ?" ஊருக்குப் போகும் நண்பரின் பெட்டியில், சொக்லேற்றுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே ஒரு பொதி வைத்திருக்கிறேன். தகப்பனுக்குச் சொல்லாமல், கைக்குழந்தை இருக்கும் அயல்வீட்டுக் கிணற்றில்தான் முதலில் தொடங்கப்போகிறாளாம்.