விளக்கு எரிகிறது, சத்தம் வரவில்லை: கார் ஸ்டீரியோ ஊமையாகும்போது

காரில் வெளியே வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோவின் திரை எரிகிறது, புளூடூத் இணைகிறது, பாடலின் பெயரும் ஓடுகிறது, ஆனால் எந்த ஸ்பீக்கரிலும் சத்தம் இல்லை என்றால், செட் போய்விட்டது என்றுதான் பெரும்பாலும் முடிவு கட்டப்படுகிறது. நான் பார்த்தவரை, இப்படி ஊமையான செட்டுகளில் பல பழுதானவையே அல்ல. வயரிங்கில் எங்கோ இருக்கும் ஷார்ட்டை (வயர் படக்கூடாத இடத்தில் பட்டு மின்சாரம் குறுக்கு வழியில் பாய்வதை) உணர்ந்து, ஒலிப் பகுதியை மட்டும் அவை நிறுத்தி வைத்திருக்கின்றன. ஆகவே புது செட்டுக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பெரும்பாலான செட்டுகளின் உள்ளே நான்கு ஸ்பீக்கர்களையும் ஓட்டுவது டிடிஏ 7388 போன்ற ஒற்றை ஐசிதான் (ஆம்ப்ளிஃபயர் சிப்). ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதிலிருந்து இரண்டு வயர்கள் வருகின்றன. இரண்டிலும் பேட்டரி வோல்டேஜில் ஏறத்தாழ பாதி, அதாவது 6 வோல்ட் அளவு எப்போதும் நிற்கும். மைனஸ் என்று நாம் சொல்லும் வயரும் எர்த் (பேட்டரியின் மைனஸோடு சேர்ந்த கார் பாடி) அல்ல. பழைய கேசட் செட்டுகள் சிலவற்றில் ஸ்பீக்கர்களின் மைனஸைக் கார் பாடியிலேயே கொடுத்துவிடும் வழக்கம் இருந்தது. அதே வயரிங்கில் இன்றைய செட்டை மாட்டினால், அல்லது எட்டு வயர்களில் ஒன்றே ஒன்று இரும்பில் உரசினால், ஐசி தன்னைக் காத்துக்கொள்ள வெளியீட்டை நிறுத்திவிடும். பல செட்டுகளில் ஒரு கதவில் உள்ள கோளாறுக்கு நான்கு ஸ்பீக்கர்களும் சேர்ந்து அடங்குவது இதனால்தான்.

ஃபேடர் (முன்-பின் ஒலிப் பங்கீடு), பேலன்ஸ் (இடது-வலது பங்கீடு), மியூட் ஆகியவற்றையும், உள் ஆம்ப்ளிஃபயரை அணைக்கும் வசதி மெனுவில் இருந்தால் அதையும் முதலில் பார்த்துவிடுங்கள். பல செட்டுகளில் மியூட்டுக்கென்று ஒரு பழுப்பு வயர் இருக்கும். அது எர்த்தில் பட்டாலும் செட் பேசாது.

அதன்பின் செய்ய வேண்டிய முக்கியமான சோதனை, காரின் ஸ்பீக்கர் வயர்களைச் செட்டிலிருந்து முழுவதுமாகப் பிரித்துவிடுவது. ஐஎஸ்ஓ கப்ளர் (பொதுத் தர அளவிலான இணைப்புக் கட்டை) உள்ள செட்டில் பவருக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று என இரண்டு 8 பின் கட்டைகள் இருப்பதால், ஸ்பீக்கர் கட்டையை மட்டும் கழற்றினால் போதும். வழக்கமான நிற முறைப்படி வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்ட துணை வயர் மைனஸ். வெள்ளை ஜோடியில் தனியாக ஒரு 4 ஓம் ஸ்பீக்கரை இணைத்து, செட்டை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பாட்டு வந்தால் செட்டின் மீது குறையில்லை, தேட வேண்டியது காருக்குள்தான்.

என் மைத்துனரின் காரில் இந்தச் சோதனையில் செட் தெளிவாகப் பாடியது. பிறகு காரின் பக்கமுள்ள ஸ்பீக்கர் வயர்கள் ஒவ்வொன்றையும் பாடியோடு ஓம் அளவில் வைத்துப் பார்த்தோம். எந்த வயருக்கும் பாடியோடு தொடர்பு காட்டக் கூடாது. முன் இடது ஜோடி மட்டும், கதவு மூடியிருக்கும்போது ஷார்ட் காட்டியது, கதவை அகலத் திறந்தால் விட்டுவிட்டது. கீல் பக்கத்தில் வயர்கள் நுழையும் ரப்பர் குழாயைப் பின்னுக்குத் தள்ளியதும் காரணம் தெரிந்தது: துளையின் விளிம்பில் குழாய் சரியாக உட்காராததால், கதவு மூடும்போதெல்லாம் வயர் தகரத்தில் மடிந்து, உறை தேய்ந்து, விரல் நகம் அளவுக்குச் செம்பு வெளியே பளபளத்தது. அந்த இடத்தை வெட்டிப் புது வயரைப் பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டு, ரப்பரைத் துளையில் அழுத்தி உட்கார வைத்த பின் நான்கு ஸ்பீக்கர்களும் பாடின. கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால், கதவுக்குள் புது வயர் இழுப்பவர்கள் இந்த ரப்பரில் காட்டும் கவனம்தான் வேலையின் தரத்தைக் காட்டுகிறது.

ஷார்ட் எதுவும் இல்லை என்றால், காரின் ஸ்பீக்கர் முனைகளையே அளக்கலாம்: நல்ல 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3 முதல் 4 ஓம் வரை காட்டும், உள்ளே உள்ள கம்பிச்சுருள் (காயில்) அறுந்திருந்தால் எதுவும் காட்டாது. ஆனால் நான்கும் ஒரே நாளில் அறுவது அரிது. கம்பெனி ஆம்ப்ளிஃபயரோடு வந்த கார் என்றால், செட்டின் நீலம்-வெள்ளை வயரை அந்த ஆம்ப்பின் ரிமோட் வயரோடு (அதை ஆன் செய்யும் வயர்) சேர்க்க வேண்டும். அது விடுபட்டால் ஆம்ப் விழிக்காது, ஸ்பீக்கர் வயரிங் எவ்வளவு சரியாக இருந்தாலும் சத்தம் வராது.

தனி ஸ்பீக்கரிலும் பாட்டு வரவில்லை என்றால், மீட்டரின் கறுப்பு முனையைக் கார் பாடியில் வைத்து, செட்டிலிருந்து வரும் ஸ்பீக்கர் வயர்களின் வோல்டேஜைப் பாருங்கள். எல்லாவற்றிலும் 6 வோல்ட் இருந்தால் ஐசி உயிரோடு இருக்கிறது, மியூட்டையும் செட்டிங்கையும் மீண்டும் தேட வேண்டும். ஸ்பீக்கர் கட்டை கழன்றிருக்கும் நிலையிலும் சுழியமே காட்டினால்தான் ஐசி போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும், கப்ளரை வெட்டாமல் அடாப்டர் வழியாகப் பொருத்தியிருந்தால், வாரண்டி கேட்டுக் கடைக்குப் போக வழி திறந்திருக்கும்.