உண்ணியின் வயிற்றில் யாருடைய இரத்தம்?

காது மடலின் உட்புறம், மடி, வாலின் அடி. மாட்டில் உண்ணி தேடும் கை முதலில் அங்கேதான் போக வேண்டும். பென்னாகரம் பக்கம் காட்டோரக் கிராமம் ஒன்றில் இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆயா. உண்ணிகளுக்குள் நோய்க்கிருமி இருக்கிறதா என்று சோதிக்க அவற்றைச் சேகரிக்க, நான் கையுறை, இடுக்கி, ஆல்கஹால் குப்பிகள் சகிதம் போயிருந்தேன். அவரோ வெறுங்கையால் பிடுங்கி, கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

"நசுக்காதீர்கள் ஆயா, விரலில் கீறல் இருந்தால் கிருமி உள்ளே போய்விடும்" என்றேன்.

"ஐம்பது வருஷமாக நசுக்குகிறேன், கண்ணு."

இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி, பார்வைக்கு அப்படியே கொட்டைமுத்துதான், அதாவது ஆமணக்கு விதை. லத்தீனிலும் உண்ணிக்கும் ஆமணக்குக்கும் 'ரிசினஸ்' என்று ஒரே பெயர். தர்மபுரிக்காரர்களுக்கு அந்தப் பெயர்ப் பொருத்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் ஒவ்வோர் உண்ணியையும் நுண்ணோக்கியில் வைத்து இனம் பார்ப்பேன். பிறகு பிளேடால் நெடுக்காக இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பத்திரப்படுத்துவேன். ஒரு முறை தவறினால் திரும்பிப் போவதற்கு அந்தப் பாதிதான் இருக்கிறது. மறு பாதியை அரைத்து, புரதத்தைச் சிதைக்கும் நொதியுடன் 56 டிகிரி வெப்பத்தில் இரவு முழுவதும் வைத்தால்தான் கெட்டியான ஓடு இளகி டி.என்.ஏ. வெளியே வரும். குடித்த இரத்தத்தின் சிவப்புப் பொருள் அடுத்த கட்டமான பி.சி.ஆர். வினையையே தடுத்துவிடும் என்பதால் கழுவும் வேலையில் அவசரம் கூடாது.

பி.சி.ஆர். செய்வது பெருக்கல். தேடுகிற கிருமிக்கே உரிய ஒரு மரபணுத் துண்டு இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அது இரண்டு மடங்காகும். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். இல்லாவிட்டால் ஒன்றும் பெருகாது. இந்தப் பெருக்கலே அதன் வலிமை, அதுவே அதன் ஆபத்தும்கூட. எங்கள் முதல் தொகுதியில், கலப்பு நேர்ந்தால் தெரிவதற்காக வெறும் தண்ணீர் வைத்த குழியிலும், பெருகிய டி.என்.ஏ.வைக் காட்டும் கோடு ஒன்று புற ஊதா ஒளியில் மின்னியது. உண்ணியே இல்லாத குழியில் கிருமி! எங்கேயோ ஒரு துளி கலந்திருந்தது. மற்ற கோடுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றில் ஒன்றைக்கூட நம்ப முடியாது. மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டு, பத்திரப்படுத்திய பாதிகளிலிருந்து மீண்டும் தொடங்கினோம். அன்று எனக்கு அழுகை வந்தது. ஆனால் அந்தத் தண்ணீர்க் குழி இல்லாதிருந்தால், பொய்யான முடிவு ஒன்று அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இரண்டாவது முறை தண்ணீர்க் குழி சுத்தமாக இருந்தது. ஆயாவின் மாட்டு உண்ணியில் அனாபிளாஸ்மா மார்ஜினேல் இருந்தது. 1910-இல் அர்னால்ட் தெய்லர் கண்டறிந்த பாக்டீரியா அது. மாட்டின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து காய்ச்சல், சோகை, மஞ்சள் காமாலை எல்லாம் கொண்டுவரும். பால் வற்றிவிடும்.

முடிவைச் சொல்லப் போனேன். "பாசிட்டிவ்" என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது. "அப்படியானால் சந்தைக்கு ஓட்டிவிடட்டுமா?"

அந்தக் கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது. எங்கள் சோதனை சொன்னது, உண்ணிக்குள் அந்தக் கிருமியின் டி.என்.ஏ. இருக்கிறது என்பதை மட்டும். அது உண்ணியின் உடலில் வளர்ந்ததா, வயிற்றில் கிடக்கும் மாட்டு இரத்தத்தோடு வந்ததா என்பதை வயிற்றைத் தனியே பிரிக்காமல் உண்ணியை அரைத்துச் சொல்ல முடியாது. மாட்டின் இரத்தத்திலேயே கிருமி இருந்தாலும், ஒருமுறை நோய் கண்டு தேறிய மாடு நெடுங்காலம் அதைச் சுமந்தபடி நன்றாகவே மேயும். இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். மாட்டுக்கு மாடு ஒரே ஊசியைப் போட்டால் அதன் வழியாகவும் பரவும், மருத்துவர் வரும்போது புது ஊசி கேளுங்கள் என்றேன். மாடு சோர்ந்து தீவனம் எடுக்காவிட்டால் உடனே காட்டுங்கள், மருந்து இருக்கிறது என்றேன்.

"மனிதருக்கு வருமா?"

"இது வராது ஆயா. ஆனால் உண்ணி கொண்டுவரும் வேறு காய்ச்சல் வரும். ரிக்கெட்சியா என்று ஒரு கிருமி. அதனால்தான் நசுக்க வேண்டாம் என்றேன்."

அவர் மாட்டை விற்கவில்லை. அடுத்த முறை போனபோது நான் விட்டுவந்த இடுக்கி மாட்டுக் கொட்டகை ஆணியில் தொங்கியது. உள்ளே போய் இரண்டு சிறு பாட்டில்களை எடுத்து வந்தார். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"நூல் கட்டியது கன்றுக்குட்டியுடையது, கண்ணு. தாயுடையதோடு கலந்துவிடாதே."

பேனாவை எடுத்து அங்கேயே இரண்டிலும் சீட்டு எழுதி ஒட்டினேன்.