பி மதிப்பு 3.26 என்று படித்த நாள்

ஆர் என்னும் புள்ளியியல் மென்பொருளில் மிக்ஸட் எஃபெக்ட்ஸ் மாடல் (பொதுவான போக்கையும் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்கிடும் மாதிரி) பழக நான் எடுத்தது எல்எம்இ4 தொகுப்போடு வரும் ஸ்லீப்ஸ்டடி தரவு. தூக்கத்தைக் குறைத்துக்கொண்ட 18 பேர், ஆளுக்குப் பத்து நாள், எதிர்வினை நேரம் மில்லி செகண்டில். எல்எம்இ4 தானாகப் பி மதிப்பு (விளைவே இல்லை என்றால் இப்படியொரு முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பது) தராது என்பதால் அதைத் தரும் எல்எம்இஆர்டெஸ்ட் தொகுப்பையும் சேர்த்து ஓட்டினேன்.

முடிவில் வந்த அட்டவணையில், ‘நாள்’ வரியின் கடைசியில் 3.26, ஒட்டினாற்போல் ஆங்கில ‘இ’, பிறகு -06. என் கண் 3.26-லேயே நின்றுவிட்டது. பி மதிப்பு ஒன்றைத் தாண்டாது என்று தெரிந்தும், நோட்டில் ‘விளைவு இல்லை’ என்று எழுதிவிட்டேன். அந்த ‘இ’க்குப் ‘பத்தின் அடுக்கு’ என்று பொருள். புள்ளியை ஆறு இடம் இடப்பக்கம் நகர்த்தினால் 0.00000326. பூஜ்யத்தை ஒட்டிய மதிப்பு! இன்டர்செப்ட் (தொடக்க மதிப்பு) வரியில் வரும் ‘2இ-16-க்குக் கீழ்’ என்பதோ கணக்கிட்ட மதிப்பே அல்ல; அதற்குக் கீழே போனால் ஆர் எண்ணை அச்சிடாது, அவ்வளவுதான்.

இதை ஒரு தடவை புரிந்துகொண்டால் போதும். என்னை உண்மையில் ஏமாற்றியது வேறியன்ஸ் (மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்னும் அளவு) பகுதி.

என்னிடமிருந்த மற்ற தரவு அட்டவணைகள் செகண்டில் இருந்ததால் இதையும் செகண்டுக்கு மாற்றி ஓட்டியிருந்தேன். ஆளுக்கு ஆள் மாறும் இன்டர்செப்டின் வேறியன்ஸ் 6.121இ-04, சாய்வினுடையது (நாளுக்கு எவ்வளவு ஏறுகிறது என்பது) 3.507இ-05. ‘இவ்வளவு சின்ன எண்ணா, ஆட்களிடையே வித்தியாசமே இல்லை, ஆளுக்கு ஆள் மாறும் சாய்வை, அதாவது ரேண்டம் ஸ்லோப்பை, எடுத்துவிடலாம்’ என்று லேபில் சீனியர் அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “யூனிட் என்னப்பா?”

மில்லி செகண்டுக்குத் திருப்பி மறுபடி ஓட்டச் சொன்னார். 612.10, 35.07. வேறியன்ஸ் வர்க்கத்தில் போவதால், அலகு ஆயிரம் மடங்கு மாறினால் அது பத்து லட்சம் மடங்கு மாறுகிறது. டி மதிப்பு (சராசரி ஏற்றத்தை அதன் திட்டப் பிழையால் வகுத்தது) மட்டும் இரண்டு முறையும் 6.771, அசையவே இல்லை. 35.07-க்கு வர்க்கமூலம் 5.92, அதுதான் திட்ட விலக்கம். சராசரி ஏற்றமே நாளுக்கு 10.47 தான் என்னும்போது இது எவ்வளவு பெரிது! சிலருக்கு ஏற்றமே இல்லாத அளவு, சிலருக்கு இருபதைத் தொடும் அளவு. தூக்கமின்மை எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை என்பதுதான் இந்தத் தரவில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நான் தூக்கி எறியப் பார்த்தது அதைத்தான்.

வேறியன்ஸ் நிஜமாகவே பூஜ்யத்துக்குப் போய்விட்டால் ‘சிங்குலர் ஃபிட்’ என்று ஆர் தானே எச்சரிக்கும். எனக்கு அந்த எச்சரிக்கை வரவே இல்லை. அதையாவது கவனித்திருக்க வேண்டும்.

எண்ணை எந்த வடிவில் அச்சிடுவது என்று ஆருக்குச் சொல்லும் சைபென் அமைப்பை 999 ஆக்கினால் ‘இ’ மறைந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். மறையும்தான், ஆனால் பூஜ்யங்களை விரல்விட்டு எண்ணுவது அதைவிடத் தவறுக்கு இடம் கொடுக்கிறது. நான் அலகைச் சரியாகத் தேர்ந்துகொள்கிறேன், பி மதிப்பை ‘0.001-க்குக் கீழ்’ என்று எழுதுகிறேன்.

கடைசியில் அறிக்கையில் போன வரி இது: “ஒவ்வொரு கூடுதல் நாளுக்கும் எதிர்வினை நேரம் சராசரியாக 10.47 மில்லி செகண்ட் கூடியது (திட்டப் பிழை 1.55, டி(17) = 6.77, பி < 0.001), இந்த ஏற்றம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது (திட்ட விலக்கம் 5.92 மில்லி செகண்ட்).”